எல்.கே.ஜி.க்கு முந்தைய மூன்று ஆண்டுகள்

பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் எல்.கே.ஜி. பற்றிய பேச்சு சூடுபிடிக்கும். எந்தப் பள்ளி, எவ்வளவு கட்டணம், வேன் வருமா என்று குடும்பமே கூடி ஆலோசிக்கிறோம். பிள்ளைக்கு மூன்றரை வயதாகும்போது வரும் இந்தக் கவலை, அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி நமக்கு ஏன் வருவதில்லை?

மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு, பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கென 'நவசேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அங்கன்வாடி ஊழியர்கள் வழியாக, குழந்தையோடு பேசுவதையும் விளையாடுவதையும் பெற்றோரிடம் கொண்டுசேர்ப்பது அதன் நோக்கம். வரவேற்கத்தக்க திட்டம்தான். ஆனால் ஊழியர் வந்து சொல்லிவிட்டுப் போகலாம். மீதி நேரமெல்லாம் குழந்தை இருப்பது நம் மடியில்.

அந்த நேரத்தை இன்று பெரும்பாலும் செல்போன் எடுத்துக்கொள்கிறது. சோறூட்டவும் அழுகையை நிறுத்தவும் அதையே கையில் கொடுக்கிறோம். "பாட்டு, கதை எல்லாம் அதிலேயே கற்றுக்கொள்கிறானே" என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகளுக்கு, சீனத்தின் மாண்டரின் மொழி பேசுவோர் 12 முறை நேரில் அமர்ந்து புத்தகம் வாசித்து, பொம்மை காட்டிப் பேசினார்கள். ஆங்கிலத்தில் இல்லாத மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிய அக்குழந்தைகள் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளிடமும், ஒலிப்பதிவாகக் கேட்ட குழந்தைகளிடமும் அந்தக் கற்றல் நிகழவில்லை.

காரணம் எளிது. குழந்தை "ங்கா" என்றால் உம்மா திரும்பிப் பார்த்து "என்னடா தங்கம்?" என்கிறாள். அது விரல் நீட்டினால் "காக்கா, அதோ பறக்குது" என்கிறாள். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ அதன் முகத்தைப் பார்ப்பதில்லை, அதன் பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வாசித்துக் காட்டுங்கள், கதை சொல்லுங்கள் என்பதும் அதே பரிந்துரையில் உண்டு.

வாசித்துக் காட்டப் பெரிய படிப்பு தேவையில்லை. படப் புத்தகத்தை விரித்து, "பூனை எங்கே?" என்று கேட்டுச் சற்றுக் காத்திருந்தால் போதும். எழுத்து தெரியாத பாட்டியும் படத்தைப் பார்த்துத் தன் கதையைச் சொல்லலாம். ஒரே புத்தகத்தைப் பத்தாவது முறை கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் சொற்கள் பதிகின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம்.

வளைகுடாவில் இருக்கும் வாப்பாக்களுக்கும் இதில் பங்குண்டு. 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, 2016-இல் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. எதிர்முனையில் பதில் சொல்லும் மனிதர் இருப்பதே காரணம். "சாப்பிட்டியா?" என்பதோடு அழைப்பை முடிக்காமல், ஒரு படப் புத்தகத்தை அங்கிருந்தே காட்டிக் கதை சொல்லுங்கள். பிள்ளையை மடியில் வைத்திருக்கும் உம்மா மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

நம் ஜமாஅத்துகள் பலவற்றில் நூலகம் இருக்கிறது. அதில் ஓர் அடுக்கை மூன்று வயதுக்குட்பட்டோரின் படப் புத்தகங்களுக்கு ஒதுக்கி, தாய்மார்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழிசெய்யலாம். அதற்காகும் செலவு, ஒரு பிள்ளையின் எல்.கே.ஜி. கட்டணத்தைத் தாண்டாது. நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுத்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த சேர்க்கைக் காலத்தில் நம் பிள்ளைகள் சொல்வளத்தோடு பள்ளி வாசலை மிதிப்பார்கள்.