சக்கரத்தின் மேல் ஒரு வீடு!

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மனிதன் என்ன செய்கிறான்?

கைக்கு வந்த பணத்தில் ஒரு வீடு கட்டுகிறான். வீடு இருந்தால் அதைப் பழுது பார்க்கிறான். இனி எங்கும் அலைய வேண்டாம் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறான்.

அமெரிக்காவில் சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். இருக்கிற வீட்டை விற்று விடுகிறார்கள்! கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். மிச்சத்தை ஏலம் போடுகிறார்கள். பிறகு ஒரு சிறிய வண்டி வீட்டை வாங்கி, அதைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக் கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள்.

அந்த வண்டிக்கு "டிரெய்லர்" என்று பெயர். அதுதான் அவர்களுக்கு வீடு. மழைக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான்.

இது நல்ல வாழ்க்கையா? வயதான காலத்தில் இப்படி ஊர் ஊராகப் போவது புத்திசாலித்தனமா?

பதினாறு அடி மாளிகை!

சிறிய டிரெய்லர் ஒன்றின் நீளம் சுமார் 16 அடி. அகலம் 7 அடி. நம் ஊரில் ஒரு சாதாரண அறையின் அளவுதான்.

அதற்குள் எல்லாம் இருக்கும்! ஒரு படுக்கை. இரண்டு அடுப்பு. சின்ன ஐஸ் பெட்டி. ஒரு மூலையில் குளிக்கும் இடமும் கக்கூசும். பகலில் சாப்பிடும் மேஜையை இரவில் இறக்கி, மேலே மெத்தையைப் போட்டால், அதுவே கட்டில்!

தண்ணீர்த் தொட்டியில் சுமார் 100 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேர் சிக்கனமாக இருந்தால் நாலைந்து நாளைக்கு வரும். குளிக்கும் போது உடம்பை நனைத்துக் கொண்டு குழாயை மூடிவிட வேண்டும். சோப்புப் போட்ட பிறகுதான் மறுபடி திறக்க வேண்டும்.

வெளிச்சத்துக்குப் பேட்டரி. சமையலுக்கு கியாஸ். கூரையில் சூரிய ஒளித் தகடு. அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, கக்கூசுக்கு ஒரு தொட்டி. இரண்டையும் அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டு போய்க் காலி செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கிடையாது. தானேதான் செய்ய வேண்டும். நேற்று வரை பெரிய அதிகாரியாக இருந்தவரும் கையுறை மாட்டிக் கொண்டு குழாயைப் பிடிக்க வேண்டியதுதான்!

பழைய கதை

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல.

மோட்டார் கார் பரவத் தொடங்கிய காலத்திலேயே அமெரிக்கர்கள் கூடாரத்தையும் தகர டப்பா உணவையும் ஏற்றிக் கொண்டு ஊர் சுற்றக் கிளம்பி விட்டார்கள். 1919-ம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் தாம்பா நகரில் அவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பெயர் "தகர டப்பா உல்லாசப் பயணிகள்" சங்கம்!

பிறகு வாலி பயம் என்பவர் வந்தார். அவர் தொடங்கிய "ஏர்ஸ்டிரீம்" கம்பெனி, அலுமினியத் தகட்டினால் வெள்ளி போல மின்னும் வண்டி வீடுகளைச் செய்தது. வண்டிகளை வரிசையாக ஓட்டிக் கொண்டு தேசம் தேசமாகப் போவது அவருக்குப் பைத்தியம். 1959-ல் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து புறப்பட்ட வரிசை, 1960-ல் எகிப்தின் கெய்ரோவைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை!

1969-ம் ஆண்டில் சந்திரனுக்குப் போய்த் திரும்பிய ஆர்ம்ஸ்டிராங், ஆல்டிரின், காலின்ஸ் மூவரும் பூமிக்கு வந்ததும் முதலில் அடைத்து வைக்கப்பட்ட இடம் எது தெரியுமா? நோய்க்கிருமி ஏதாவது கூட வந்திருக்குமோ என்று பயந்து, இதே கம்பெனி வண்டியை மாற்றி அமைத்து, அதற்குள்தான் வைத்தார்கள்!

எதற்காகப் போகிறார்கள்?

முதல் காரணம் ஆசை.

முப்பது, நாற்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தாயிற்று. பிள்ளைகள் கல்யாணம் ஆகி வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். பெரிய வீட்டில் இரண்டே பேர். புல் வெட்டவும் கூரையை மராமத்து செய்யவுமே பொழுது போய் விடுகிறது. உடம்பில் தெம்பு இருக்கும் போதே நாட்டைப் பார்த்து விடலாம் என்று கிளம்புகிறார்கள்.

வயதானவர்களுக்குச் சர்க்காரும் சலுகை தருகிறது. 62 வயது ஆன அமெரிக்கர் 80 டாலர் கட்டினால் ஆயுள் முழுவதற்கும் ஒரு சீட்டு கிடைக்கும். அதைக் காட்டி தேசியப் பூங்காக்களுக்குள் போகலாம். பல சர்க்கார் முகாம்களில் தங்கும் கட்டணம் பாதிதான். 2017-க்கு முன்னால் அந்தச் சீட்டின் விலை 10 டாலர்தான்!

குளிர்காலம் வந்தால் வடக்கே பனி கொட்டும். வண்டிக் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்து விடும். ஆகவே பறவைகளைப் போலத் தெற்கே பறந்து விடுகிறார்கள். அவர்களுக்குப் "பனிப் பறவைகள்" என்றே பெயர்.

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சிற்றூர். 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே 2,500 பேர்கூட இல்லை. குளிர்காலத்தில் அந்த ஊரைப் பார்க்க வேண்டும்! கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டி வீடுகள்தான். ஊருக்கு வெளியே உள்ள சர்க்கார் நிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை கட்டணம் கட்டித் தங்கலாம். மற்ற பல சர்க்கார் நிலங்களில் 14 நாட்களுக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

ஆசையா, அவசியமா?

இரண்டாவது காரணம் பணம். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

அமெரிக்காவில் வயதானவர்களுக்குச் சர்க்கார் தரும் பென்சன் திட்டத்துக்கு 1935-ல் சட்டம் வந்தது. 1940-ல் முதல் மாதப் பென்சனை வாங்கியவர் ஐடா மே புல்லர் என்ற அம்மையார். அவருக்குக் கிடைத்தது 22 டாலர் 54 சென்ட். அவர் 100 வயது வாழ்ந்தார்!

2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தப் பென்சன் சராசரியாக மாதம் சுமார் 1,976 டாலர். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒரு சின்ன வீட்டு வாடகையே இதில் பெரும் பங்கை விழுங்கி விடும். சேமிப்பு இல்லாமல் இதை மட்டும் நம்பியிருப்பவர் என்ன செய்வார்?

2008-ல் அங்கே பெரிய பண நெருக்கடி வந்தது. பலர் வீட்டை இழந்தார்கள். ஓய்வுக்காகச் சேர்த்த பணமும் கரைந்தது. அப்படிப்பட்டவர்களில் சிலர் வாடகை கொடுக்க முடியாமல் வண்டிக்குள் குடி புகுந்தார்கள். ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் அவர்களோடு பழகி எழுதிய "நோமேட்லேண்ட்" என்ற புத்தகம் 2017-ல் வந்தது. அதைத் தழுவி எடுத்த படம், 2021-ல் சிறந்த படம், சிறந்த டைரக்டர், சிறந்த நடிகை என்று மூன்று ஆஸ்கார் பரிசுகளை வாங்கியது.

இவர்கள் ஓய்வு பெற்றும் ஓயாதவர்கள். முகாம்களைப் பார்த்துக் கொள்கிறார்கள். கூலியாக வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். அக்டோபரில் மின்னசோட்டா, வட டக்கோட்டா மாநிலங்களுக்குப் போய்ச் சர்க்கரைக் கிழங்கு அறுவடையில் வேலை செய்கிறார்கள். அங்கே ஒரு முறை வேலை 12 மணி நேரம்! அறுபதைத் தாண்டியவர்கள் குளிரில் நின்று இதைச் செய்கிறார்கள்.

ஆகவே ஒரே சாலையில் இரண்டு வண்டிகள் போகின்றன. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றில் இருப்பவர் ஊர் பார்க்கப் போகிறார். மற்றொன்றில் இருப்பவருக்குப் போக வேறு வீடு இல்லை.

வண்டி நிற்கும் நாள்

இந்த வாழ்க்கையின் கஷ்டம் ஓடும் போது தெரியாது. நிற்கும் போதுதான் தெரியும்.

முதலில் விலாசம். வீடு இல்லாதவருக்கு விலாசம் ஏது? விலாசம் இல்லாவிட்டால் பாங்குக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், ஓட்டு எல்லாவற்றிலும் தொல்லை. ஆகவே கடிதங்களை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையங்களைப் பலர் நாடுகிறார்கள். டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டக்கோட்டா ஆகிய மாநிலங்கள் இவர்களுக்குப் பிடித்தமானவை. அங்கே மாநில வருமான வரி கிடையாது.

அடுத்தது வைத்தியம். 65 வயது ஆனவர்களுக்கு அமெரிக்க சர்க்காரின் "மெடிகேர்" திட்டம் உண்டு. ஆனால் அதற்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் மூலம் எடுக்கும் திட்டங்கள் பல, ஒரு வட்டாரத்து டாக்டர்களோடு மட்டும் சேர்ந்தவை. ஊர் ஊராகப் போகிறவர் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், நோய் வரும் போது டாக்டர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார்!

மூன்றாவது, வண்டியின் வயது. மனையும் கட்டிடமும் பல இடங்களில் விலை ஏறும். வண்டி வீடோ, வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கும். 10 வயதைத் தாண்டிய வண்டிகளைச் சில தனியார் முகாம்கள் சேர்ப்பதில்லை. மகன் வீட்டு வாசலில் நிறுத்தலாம் என்றால், வண்டியில் குடியிருக்கக் கூடாது என்று பல ஊர்களில் சட்டம்.

நான்காவது, பெரிய கேள்வி. கார் ஓட்டுகிறவரின் கண் மங்கினால்? கை நடுங்கினால்? கணவன் ஒருவன்தான் ஓட்டத் தெரிந்தவன் என்று வையுங்கள். அவனுக்கு நடுவழியில் மாரடைப்பு வந்தால், மனைவி அந்த வண்டியை என்ன செய்வாள்? டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவது லேசான வேலை அல்ல. சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கம் வண்டி போகும்!

ஒரு நல்ல வழி

இதற்கு அவர்களே ஒரு வழி கண்டார்கள்.

1978-ல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதிகள், வண்டி வீட்டுக்காரர்களுக்காக "எஸ்கேப்பீஸ்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் தலைமை இடம் டெக்சாஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்ற ஊர். ஊர் ஊராகப் போகிறவர்களின் கடிதங்கள் அங்கே வந்து, அவர்கள் இருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்பப்படும்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அந்தச் சங்கத்தார் செய்தார்கள். இனி ஓட்ட முடியாது என்ற நிலைக்கு வந்த முதியவர்களுக்காக அதே ஊரில் ஒரு நிலையம் அமைத்தார்கள். முதியவர் தம் வண்டியோடு வந்து, தம் வண்டியிலேயே இருக்கலாம். சாப்பாடு கிடைக்கும். உடம்பைக் கவனிக்க ஆள் உண்டு. டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். பழகிய படுக்கையை விட்டு அவர் எழுந்து போக வேண்டியதில்லை!

இது தர்மம் அல்ல. தர்மத்தைவிட மேலானது. ஒருவருக்கு ஒருவர் செய்து கொள்ளும் உதவி. இப்படி ஒரு நிலையம் போதாது. பென்சன் கொடுக்கும் சர்க்காரும், வண்டிகளை விற்று லாபம் பார்க்கும் கம்பெனிகளும் இன்னும் பல நிலையங்களுக்கு உதவ வேண்டும். ஓடும் வரை முகாமுக்கு முகாம் பணம் வாங்கிக் கொண்டு, ஓட முடியாத நாளில் "14 நாள் ஆயிற்று, நகர்ந்து போ" என்று ஒரு கிழவரிடம் சொல்வது நியாயம் அல்ல.

புறப்படும் முன்

"எலி வளையானாலும் தனி வளை" என்பது பழமொழி. அந்த வகையில் 16 அடி வண்டியும் வீடுதான். பிறர் கையை எதிர்பார்க்காமல், தம் சமையலைத் தாமே செய்து, நினைத்த இடத்தில் உறங்கி எழுவது கௌரவமான வாழ்க்கை. அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

ஆனால் புறப்படுகிறவர்கள் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும்.

வீட்டை விற்கும் முன் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, குளிர் காலத்திலும் மழையிலும் சில வாரம் வாழ்ந்து பார்க்க வேண்டும்.

வீடு விற்ற பணம் முழுவதையும் வண்டியில் போடக் கூடாது. திரும்பி வந்து ஓர் அறை எடுக்கும் அளவுக்குப் பணம் தனியாக இருக்க வேண்டும்.

கணவன், மனைவி இருவரும் வண்டியை ஓட்டவும், பூட்டவும், கழற்றவும் கற்றுக் கொள்ள வேண்டும்.

வண்டி கடைசியில் எங்கே நிற்கும் என்பதைப் புறப்படும் நாளிலேயே முடிவு செய்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிட வேண்டும்.

இதில் கடைசிக் காரியம்தான் முக்கியம். பதினாறு அடி வீட்டில் வாழ்வது சிரமம் அல்ல, பழகி விடும். எந்த ஊரில் எந்த வாசலில் நமக்கு இடம் உண்டு என்பது தெரியாமல் வயதாவதுதான் சிரமம். அந்த வாசல் இருக்கிறது என்று தெரிந்தவர், எத்தனை ஆயிரம் மைல் போனாலும் நிம்மதியாகத் தூங்குவார்!