இழுவைக் கணக்கு வேறு, வேலைக் கணக்கு வேறு

முழு மின்சார எஃப்-150 லைட்னிங் பிக்கப்பை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் ஃபோர்டு அறிவித்ததும், “மின்சார பிக்கப் வேலைக்கு ஆகாது என்று நாங்கள் அப்போதே சொன்னோமே” என்றார்கள் சக ஒப்பந்தக்காரர்கள். டெக்சாஸில் வீடுகளைப் பழுதுபார்க்கும் தொழில் எனக்கு. அவர்கள் சொல்வது பாதிதான் உண்மை.

பெரிய பேட்டரி லைட்னிங் ஒரு சார்ஜில் சுமார் 320 மைல் ஓடும். உயரமான பெட்டி டிரெய்லரை மாட்டி நெடுஞ்சாலையில் ஏறினால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்த வேகத்தில் எடையைவிடக் காற்றின் எதிர்ப்புதான் பேட்டரியைக் காலி செய்கிறது. டீசல் வண்டிக்கும் செலவு கூடும்; ஆனால் சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். சார்ஜ் நிலையங்கள் பலவற்றில் டிரெய்லரைக் கழற்றி வைத்தால்தான் வண்டியை நிறுத்தவே முடியும்.

ஆனால் என் பிழைப்பு ஊருக்குள். இரவில் வீட்டிலேயே சார்ஜ். மின் இணைப்பு வராத கட்டடத்தில் ரம்பமும் கம்ப்ரஸரும் வண்டியிலிருந்தே ஓடும். உயர் ரகங்களில் 9.6 கிலோவாட் வரை கிடைக்கும். ஜெனரேட்டர் இரைச்சல் இல்லை, புகை இல்லை.

படகை இழுத்துக்கொண்டு மாநிலம் தாண்டுபவர் டீசலிலேயே இருக்கட்டும். ஊருக்குள் உழைப்பவர் அவருடைய கணக்கைப் பார்த்து மின்சார வண்டியை ஒதுக்க வேண்டாம். சார்ஜ் நிலையம் கட்டுபவர்கள் டிரெய்லரோடு நுழைந்து நேராக வெளியேற வழி விடட்டும். பாதி வழக்கு தீர்ந்துவிடும்.