விழும் வடிவங்கள்

கணிப்பொறி விளையாட்டுகள் அனைத்தையும் காலவிரயம் என ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது பெரியோர் பலரின் வழக்கம். டெட்ரிஸ் என்னும் விளையாட்டின் பிறப்பையும் இயல்பையும் நோக்கினால், அத்தீர்ப்பு அவசரமானது என்பது விளங்கும்.

1984ஆம் ஆண்டு, மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் இதனை உருவாக்கினார். ஐந்து சதுரங்கள் இணைந்த பன்னிரண்டு வகைத் துண்டுகளைப் பெட்டிக்குள் பொருத்தும் பழைய புதிரே அவருக்குத் தூண்டுதலாயிற்று. அதனை எளிமையாக்கி, நான்கு சதுரங்களாலான ஏழு வடிவங்களை அவர் அமைத்துக்கொண்டார். அவரிடமிருந்த எலெக்ட்ரோனிகா 60 கணிப்பொறியால் எழுத்துகளையும் குறிகளையும் மட்டுமே காட்ட இயலும். எனவே, அடைப்புக்குறிகளையே சதுரங்களாக்கினார். வண்ணம் இல்லை, கதை இல்லை, வீழ்த்துவதற்குப் பகைவனும் இல்லை.

அவ்வாறாயின் ஈர்ப்பு எங்கிருந்து வந்தது? மேலிருந்து இறங்கும் வடிவத்தைத் திருப்பியும் நகர்த்தியும் உரிய இடத்தில் அமர்த்த வேண்டும். கிடைவரிசை இடைவெளியின்றி நிரம்பியதும் மறைந்துவிடும். செம்மையாகச் செய்த வேலை கண்ணைவிட்டு நீங்க, தவறாக வைத்த துண்டு மட்டும் எஞ்சி நிற்கிறது. (நாள்தோறும் வீட்டைப் பெருக்குவோர்க்கு இது புதிய செய்தியன்று.) எனினும் இவ்விளையாட்டு பிழையை உடனே தண்டிப்பதில்லை. மேலுள்ள வரிசைகளைப் பொறுமையாக நீக்கினால், அடியில் புதைந்த இடைவெளி மீண்டும் திறக்கும். கெட்டதைச் சீர்செய்ய இன்னொரு வாய்ப்பு உண்டு என்னும் அந்த நம்பிக்கையே ஆடுவோரைக் கட்டிவைக்கிறது.

ஆனால், வெற்றி என்பது இதில் இல்லை. வேகம் கூடும், அடுக்கு உயரும், முடிவில் தோல்வியே வரும். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பொன்றை, நிரலே உறைந்து நிற்கும் நிலைவரை ஆடினான். அங்கு நின்றது இயந்திரம், விளையாட்டு முடிந்துவிடவில்லை.

இங்குதான் பெரியோரின் அச்சத்திலும் உண்மை இருக்கிறது. கபடிக்கு நேர அளவு உண்டு. சதுரங்கத்தில் அரசன் வீழ்ந்தால் ஆட்டம் முடியும். டெட்ரிஸிலோ, தோற்ற மறுநொடியே அடுத்த ஆட்டம் காத்திருக்கிறது. எழுந்து செல்லும் நேரத்தை ஆடுபவரே குறித்துக்கொள்ள வேண்டும். அஃது எளிதன்று. நிரலைச் சோதிப்பதாகத் தமக்குத் தாமே கூறிக்கொண்டு, வேலையை ஒத்திவைத்து முதன்முதலில் இதனை ஆடிக்கொண்டிருந்தவர் பஜித்னோவ்தான்.