இரவுத் தீனிக்குப் பட்டினி மருந்தல்ல

இரவு 11 மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கிறவருக்குப் பசி இல்லை என்பது அவருக்கே தெரியும். 9 மணிக்குத்தான் சாப்பிட்டுக் கை கழுவியிருக்கிறார். பகலில் மேலாளரிடம் வாங்கிய பேச்சு, கட்ட வேண்டிய தவணை, முகம் கொடுத்துப் பேசாமல் படுத்துவிட்ட பிள்ளை என்று ஏதோ ஒன்று உள்ளே உறுத்துகிறது. அடுக்களை விளக்கைக்கூடப் போடாமல், நின்ற வாக்கிலேயே இரண்டு கை, மூன்று கை என்று அள்ளிப் போட்டுக்கொள்கிறார். டப்பாவின் அடி கையில் தட்டுப்படும்போதுதான் சுரணை வருகிறது. எமோஷனல் ஈட்டிங் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வாயைக் கட்டத் தெரியாதவர் என்று வீட்டில் சொல்வார்கள். மறுநாள் காலை அவர் தமக்குத் தாமே தண்டனை விதித்துக்கொள்கிறார்: டிபன் கிடையாது, மதியம் மோர் மட்டும். அந்த இரவைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தக் காலையின் மேல்தான் சந்தேகம்.

சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் ‘டயட்’டில் இருப்பவர்கள் நேர்மாறு, மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற மனநிலைதான். பட்டியல் போட்டு வாயைக் கட்டுகிறவர்களிடம், மனக்கவலையும் இதேபோல் கட்டை அவிழ்த்துவிடுகிறது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. கவலை வந்தால் பொதுவாகப் பலருக்குச் சோறு இறங்காது. கவலையில் அதிகம் தின்கிறவர்களில், வழக்கமாகத் தம்மைப் பட்டினி போட்டுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அதிகம் தின்கிறவர்தானே டயட்டுக்குப் போவார், எது முதல் எது பின் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனை இதற்குப் பதில் தருகிறது. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. அதுவரை சாப்பாட்டைப் பற்றி யோசித்தே பார்க்காதவர்கள் சமையல் புத்தகங்களை வரி விடாமல் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வுமாக மாறினார்கள். தடை நீங்கி உணவு கிடைத்த பிறகும் சிலரால் நிறுத்த முடியவில்லை. வயிறு நிறைந்தும் பசி போகவில்லை என்றார்கள். வாய் அடங்காதவர்களாகப் பிறந்தவர்கள் அல்ல இவர்கள். பட்டினிதான் அவர்களை அப்படி ஆக்கியது.

தூக்கத்துக்கும் இதில் பங்குண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. 2004-ல் வெளியான முடிவு இது. காலையில் எதுவும் சாப்பிடாமல், மதியம் அரைகுறையாகக் கொறித்து, முந்தைய இரவு சரியாகத் தூங்காத உடம்போடு ஒருவர் 11 மணிக்கு அடுக்களைக்குள் நுழைந்தால், அங்கே மன உறுதி என்ன செய்துவிடும்? நம் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பெண்களின் நிலை பெரும்பாலும் இதுதான். ‘அவ ஒண்ணுமே சாப்பிட மாட்டா, ஆனா உடம்பு மட்டும் ஏறுது’ என்று வியப்பதில் அர்த்தமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு எடை அளவுக்கு மேல். அதற்குக் காரணங்கள் பல. தின்பண்டம் விற்கிறவர்களின் விளம்பரமும் ஒன்று. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அப்படியானால் சர்க்கரை நோயாளியும் இஷ்டப்படி தின்னலாமா என்று கேட்பார்கள். இல்லை. அவர் அளவோடுதான் சாப்பிட வேண்டும். மருத்துவரின் கண்காணிப்பில், வேளை தவறாமல் அளவாகச் சாப்பிட்டு எடை குறைப்பவர்களுக்கு இந்த அள்ளித் தின்கிற பழக்கம் பொதுவாகக் கூடுவதில்லை, குறையவே செய்கிறது. நான் எதிர்ப்பது அளவை அல்ல. நேற்றைக்குப் பழிதீர்க்க இன்று வயிற்றைக் காயப்போடுவதை. விரதம் காலங்காலமாக இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ஏகாதசிக்கும் ரமலானுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு, கூட இருப்பதற்கு ஆட்கள் உண்டு. செய்த குற்றத்துக்கு யாருக்கும் தெரியாமல் ஒருவர் தமக்கு விதித்துக்கொள்ளும் தண்டனை அல்ல அது.

துக்கத்துக்குச் சாப்பாடு ஆறுதல்தானே என்பதும் பாதி உண்மை. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. உறவுக்காரர்கள் சோறு கொண்டுவந்து, வற்புறுத்திச் சாப்பிடவைப்பார்கள். அந்த ஆறுதலில் சோற்றின் பங்கு எவ்வளவு, பக்கத்தில் உட்கார்ந்தவரின் பங்கு எவ்வளவு? 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் மனத்தை வருத்தும் படங்களைக் காட்டிவிட்டு, சிலருக்கு அவர்களே ஆறுதல் தரும் என்று சொன்ன தின்பண்டத்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு வேறு உணவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. சிறிது நேரத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மனம் தேறிவிட்டது. தானாக ஆறியதற்கு நாம் மிக்சருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம். விழுந்து அழும் குழந்தையின் வாயில் பிஸ்கட்டைத் திணிப்பதிலிருந்தே இந்தக் கணக்குப் பிசகு தொடங்குகிறது. எந்த அழுகைக்கும் உணவே பதில் என்றால் எது பசி, எது வருத்தம் என்று பிரித்தறிய அந்தக் குழந்தை கற்காமலே போகும் என்று மனநல மருத்துவர் ஹில்டே புரூக் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார்.

ஆகவே இந்தப் பழக்கத்தில் சிக்கியவர் முதலில் செய்யவேண்டியது, இரவு எவ்வளவு தின்றிருந்தாலும் மறுநாள் காலை டிபனைச் சாப்பிடுவது. மூன்று வேளையும் நேரத்துக்கு வயிறு நிறைந்தால், இரவில் வருவது பசியா வேறொன்றா என்பது ஓரளவு தெளிவாகும். அந்த வேறொன்றுக்கு மிக்சர் அல்லாத வழி வேண்டும். அதைத் தனியாளாகத் தேடிக்கொள் என்று விடுவது சரியல்ல. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். நேற்று மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், இரவு எப்போது தூங்கினீர்கள் என்று அவர்கள் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். அவர்கள் மனநல ஆலோசகர்கள் இல்லையே என்றால், உண்மைதான். பதில் கவலை தருவதாக இருந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். இனிப்பைத் தொடாதீங்க என்ற அறிவுரையை அந்த ஒரு நாள் மட்டும் விட்டுவிடலாம். அது ஏற்கெனவே நூறு முறை சொல்லியாகிவிட்டது.