பெயரிழக்கும் பண்கள்

காஞ்சியிலிருந்து உத்தரமேரூர்க்குச் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் மாகறல். தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற ஊர்களுள் ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் அவ்வூர்மேல் பாடிய பதிகம் கழனியில் தொடங்குகின்றது. விளைந்து கிடக்கும் வயலில் உழவுத்தொழில் செய்யும் பெண்கள் பாடியும் ஆடியும் எழுப்பும் ஓசையே அதன் முதலடிக்குப் பொருள். சமயப் பற்றுடையாரும் இல்லாதாரும் ஒருங்கே எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. சேற்றில் நின்று பாடிய பெண்களின் குரலுக்குச் செவிகொடுத்த பின்னரே அப்பாட்டு இறைவனிடம் செல்கின்றது. அதன் பண் சாதாரி.

சம்பந்தரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் துணைவியார் மதங்கசூளாமணியாரும் ஊரூராகச் சென்று, பதிகங்களை யாழிலிட்டு இசைத்தனர் எனப் பெரியபுராணம் பேசும். குரலும் யாழும் கூடிய சிறு குழு அது. நான்கு நரம்புக் கருவிகளை மட்டும் கூட்டி இசைக்கும் முறைக்கு ஐரோப்பாவில் ஐடன் என்னும் இசைப்புலவர் வடிவு தந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான். அதனை இன்று உலகம் 'அறையிசை' என்று போற்றுகின்றது. பாணர் குழுவைப் போற்றுவார் யார்?

யாழ் மறைந்துபோயிற்று. விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்காய் உழைத்து 1947ஆம் ஆண்டு யாழ்நூலைத் தந்திராவிடில், அதன் நரம்பமைப்பும் நினைவிலிருந்து அகன்றிருக்கும். பண்களோ ஓதுவார்களின் மிடற்றில் தங்கி உயிர்பிழைத்தன. உயிர்பிழைத்தனவேயன்றிப் பெயர் பிழைத்தனவா? சாதாரிப் பதிகத்தை இன்று பந்துவராளியில் பாடுகின்றனர். அதற்கே காமவர்த்தனி என்றும் ஒரு பெயர். மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாயிற்று, செவ்வழி எதுகுலகாம்போதியாயிற்று. அரங்கில் அமர்ந்து தலையசைக்கும் தமிழரிடம் சாதாரி என்றால் ஊர்ப்பெயரோ என்பார். பந்துவராளி என்றால் உடனே முணுமுணுக்கத் தொடங்குவார்.

பெயர் போனால் என்ன, இசை இருக்கின்றதே, இசைக்கு மொழி ஏது என்று வினவும் அறிவாளர் பலர் உளர். அவர்க்கு ஆப்பிரிக்காவிலிருந்து விடை வருகின்றது.

அமெரிக்காவில் 1973இல் தோன்றியது கிரோனோசு என்னும் நரம்பிசை நால்வர் குழு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவே. ஐரோப்பியப் பேராசான்களின் பழம்பாட்டுகளையே திரும்பத் திரும்ப இசைக்க வேண்டிய வடிவம் என்று கருதப்பட்ட அதனை, அவர்கள் உலகின் பல மூலைகளுக்கும் கொண்டு சென்றனர். 1992இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தொகுப்பு முழுவதும் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த இசையமைப்பாளர்களின் ஆக்கம். உகாண்டாவைச் சேர்ந்த தமுசுசா என்பார் அதில் ஒரு பகுதியை அமைத்தார். அப்பகுதியின் பெயர் 'எக்கிடுண்டு எக்கிசோக்கா'. ஏதோ மறைபொருள் என்று மயங்க வேண்டா. லுகாண்டா மொழியில் 'முதற் பகுதி' என்பதே அதன் பொருள். முதற் பகுதி, இரண்டாம் பகுதி என்னும் வெறுங்குறிப்பைக்கூட அம்மகன் தன் தாய்மொழியிலேயே எழுதினான். அமெரிக்க நிறுவனமும் அவ்வாறே அச்சிட்டது. எவரும் வாங்க மறுக்கவில்லை. அத்தொகுப்பு உலக இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அதே தொகுப்பில் நூபிய நாட்டு அம்சா எல்தின் என்பாரின் ஆக்கமும் உண்டு. நைல் ஆற்றங்கரையில் அவர் பிறந்த ஊர் அசுவான் பேரணையின் நீரில் மூழ்கிப்போயிற்று. ஊரிழந்த அவர் உலகெங்கும் அலைந்தார். ஆனால் வயலுக்கு நீர் இறைக்கும் உருளையின் ஓசையை நெஞ்சிலிருந்து இழக்கவில்லை. அதனையே இசையாக்கி, 'எசுகலே' என்று நூபிய மொழியில் அவ்வுருளைக்குரிய பெயரையே சூட்டினார். மூழ்கிய ஊரின் சொல் ஒன்று இன்று உலகெங்கும் ஒலிக்கின்றது. மாகறல் கழனியும் நீர் பாய்ந்து விளைந்த கழனியே. ஏற்றம் இறைத்தவன் எண்ணிக்கையோடு பாடிய ஏற்றப்பாட்டு தமிழ்நாட்டின் ஊர்தோறும் ஒலித்ததே. அதனை நான்கு நரம்பில் ஏற்றித் தமிழ்ப்பெயரோடு வெளியிட எவர்க்கு நெஞ்சு வந்தது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். மேலைநாட்டார் எல்லாரும் இவ்வாறு பெயரை மதிப்பவர் அல்லர். 1987இல் இலண்டனில் ஒரு மதுக்கடையில் இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடி, கடையில் ஐரோப்பியமல்லாத இசைகளை எந்த அடுக்கில் வைப்பது என்று ஆய்ந்து, 'உலக இசை' என்னும் பெயரைத் தேர்ந்தனர். பல்லாயிரம் இனங்களின் பாட்டுக்கு ஒரே அடுக்கு! அந்த அடுக்கில் இந்தியா என்னும் பெயரில் முந்தி நிற்பதும் எது என்று பார்க்கலாம். கிரோனோசு நால்வரே 2005இல் ஆசா போசுலேயைப் பாடவைத்து, ஆர்.டி. பர்மனின் இந்தித் திரைப்பாட்டுகளைத் தொகுப்பாக வெளியிட்டனர். பர்மனின் பெயரை அட்டையில் இட்டது நேர்மையே. ஆயினும் இந்தியா என்றால் இந்தி என்று கொள்ளும் மயக்கம் அறையிசையிலும் புகுந்தது.

இதற்கு அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. தமிழர் தம் இசைக்கு என்ன பெயரிட்டு அனுப்பினர் என்பதே வினா.

1986ஆம் ஆண்டு இசைஞானி இளையராசா நரம்பிசைக் குழுவைக் கொண்டு ஓர் இசைத்தொகுப்பை அமைத்தார். வி.எசு. நரசிம்மனின் வயலின் அதில் முன்னின்றது. செருமானிய இசைமேதை பாக்கும் திருவையாற்றுத் தியாகராசரும் அத்தொகுப்பில் சந்திக்கின்றனர்; இருவர்க்குமே அது படைக்கப்பட்டது. ஐரோப்பியப் பல்குரலும் இந்நாட்டு ஒற்றைக்குரலும் முரணாமல் இணையும் என்று மெய்ப்பித்த அரிய ஆக்கம் அது. அதன் இசைச்சிறப்பை மறுப்பார் இலர். ஆயின் அதன் பெயர்? 'இதற்கு எவ்வாறு பெயரிடுவது' என்னும் வினா, அதுவும் ஆங்கிலத்தில்! உள்ளே உள்ள பகுதிகளின் பெயர்களும் ஆங்கிலமே. அறையிசை தியாகராசரை வரவேற்கின்றது என்பது அவற்றுள் ஒன்றன் பொருள். தெலுங்கில் பாடிய தியாகராசரை வரவேற்ற அறைக்குள், தமிழில் பாடிய சீர்காழி முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப்பிள்ளையும் நுழைய இடமில்லையா?

இடமுண்டு என்று அவரே பின்னர்க் காட்டினார். 2005இல் மாணிக்கவாசகரின் பாடல்கள் புடாபெசுட்டு நகரின் பேரிசைக்குழுவோடு ஒலித்தன. அங்கேரியர் தமிழ்ப்பாட்டுக்கு வில்லிழுத்த அந்நாள் ஒவ்வொரு தமிழனும் நெஞ்சு நிமிர்த்த வேண்டிய நாள். எனினும் இடையிடையே ஆங்கில வரிகள் சேர்ந்தன. தலைப்பிலும் திருவாசகத்தோடு ஆங்கிலம் ஒட்டிக்கொண்டது. 2025 மார்ச்சுத் திங்களில் இலண்டனில் அரங்கேறிய அவரது பல்லியத்துக்கும் வீறுடையது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே பெயராயிற்று. பண்ணைப்புரத்தில் பிறந்து வயலோரப் பாட்டைத் திரைக்கு ஏற்றிய பெருமகனார்க்கே தமிழ்ப்பெயரிடத் தோன்றவில்லையெனில், தமிழ்ப்பெயர் விலைபோகாது என்னும் அச்சம் இந்நாட்டில் எவ்வளவு ஆழ வேரூன்றியுள்ளது என்பது விளங்கும்.

வயலினே வேண்டா என்பது இவ்வுரையின் கருத்தன்று. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் இரு நூற்றாண்டுகட்கு முன் அக்கருவியைக் கைக்கொண்டனர். மடியில் சாய்த்து அமர்ந்து வாசிக்கும் முறையால் அது இம்மண்ணின் கருவியே ஆகிவிட்டது. கருவியை வாங்குவதால் இனம் அழியாது. வாங்கிய கருவியில் தன் பாட்டை வாசித்துவிட்டு அதற்குப் பிறன் பெயர் சூட்டும்போதுதான் அழிவு தொடங்குகின்றது. தமிழ்ப்பாட்டு பாடுக என்று அண்ணாமலைநகரில் 1941இல் எழுந்த குரலுக்கு எத்துணை எதிர்ப்பு! ஆயினும் இரண்டே ஆண்டில் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. பின்னர்ப் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களும் ஆண்டுதோறும் நடந்தன. எந்தப் பண் எந்த இசைக்கூறு என்று அறிஞர் ஆய்ந்து வைத்தவை நூல்களில் உள. அவற்றை நரம்பில் ஏற்றுவதே எஞ்சியுள்ள பணி.

அதற்கு ஆளில்லை என்றும் சொல்லவியலாது. நரசிம்மனே சென்னையில் நரம்பிசை நால்வர் குழுவை அமைத்து, இங்குள்ள இசையரங்குகளில் பயிலும் பாட்டுகளை அவ்வடிவில் இசைத்துக் காட்டியுள்ளார். கருவியும் ஆளும் பயிற்சியும் உள்ள ஊரில், சாதாரிப் பதிகம் ஒன்றை எடுத்து ஓர் ஓதுவாரை நடுவில் அமர்த்தி ஒலிப்பதிவு செய்ய எத்துணைப் பொருள் வேண்டும்? ஒரு திருமணப் பந்தலுக்கு ஆகும் செலவு ஆகாது. தமிழ்ப்பற்றுள்ள செல்வர் ஒருவரோ வெளிநாட்டுத் தமிழ்மன்றம் ஒன்றோ முன்வந்தால் போதும். முதல் தொகுப்புக்கு மாகறல் பதிகமே பொருத்தம். கழனிப்பெண்களின் பாட்டோசை அதன் வாயிலிலேயே நிற்கின்றது. கடல்கடந்து விற்போர் அட்டையை ஆங்கில எழுத்தில் அச்சிட விரும்பினால் அச்சிடட்டும். ஆனால் அவ்வெழுத்தில் பந்துவராளி என்றும் தென்னிந்திய இசை என்றும் பொறிக்க வேண்டா. பாடியவர் சம்பந்தர், ஊர் மாகறல், பண் சாதாரி என்று பொறிக்கட்டும்.