மாந்தத் தோற்றமும் குமரிக்கண்டமும்: சான்று எங்கே?

தமிழியல் ஆய்வேடுகள் பலவற்றின் முதல் இயலில் ஒரு கூற்று இன்றும் இடம்பெற்று வருகிறது. மாந்தன் முதன்முதலில் தோன்றிய நிலம் கடல்கொண்ட குமரிக்கண்டமே என்றும், எக்கேல் முதலிய மேனாட்டறிஞரே இதனை ஒப்புக்கொண்டனர் என்றும் அது கூறும். எந்த ஆண்டில், எச்சான்றின் அடிப்படையில் ஒப்புக்கொண்டனர் என வினவுவார் இலர்.

1864இல் விலங்கியலாளர் பிலிப் சிலேட்டர், மடகாசுகரின் இலெமூர்களுக்கும் இந்தியாவிலுள்ள அவற்றின் உறவினங்களுக்கும் தொடர்பு காட்ட வேண்டி, மூழ்கிய நிலப்பரப்பு ஒன்றைக் கருதுகோளாக வைத்து அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். நம் தேவாங்கும் அவ்வுறவினங்களுள் ஒன்றே. அவர் மாந்தரைப் பற்றிப் பேசவில்லை. 1868இல் மாந்தரை அங்குக் குடியேற்றியவர் எக்கேல். அப்போது அறியப்பட்டிருந்த தொன்மாந்தப் புதைபடிவங்கள் மிகச் சில. 1856இல் செருமனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்தவையே அவற்றுள் பெயர்பெற்றவை. அவ்வூகத்தால் தூண்டப்பெற்ற துபுவா கடல்கடந்து சென்று, 1891இல் சாவாத் தீவின் திரினிலில் மண்டையோட்டின் மேற்பகுதியைக் கண்டெடுத்தார். ஊகத்தைச் சோதிக்க அவர் மண்ணை அகழ்ந்தார். நாமோ மேற்கோளையே அகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

அதன்பின் கிடைத்தவை எவை? 1924இல் தென்னாப்பிரிக்காவின் தாவுங்கில் ஒரு குழந்தையின் மண்டையோடு. 1974இல் எத்தியோப்பியாவின் அதாரில் 'லூசி' எனப்படும் 32 இலட்சம் ஆண்டுத் தொன்மையான எலும்புக்கூடு. தான்சானியாவின் இலேத்தோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்து, 36 இலட்சம் ஆண்டுகளாக அழியாதிருக்கும் காலடிச் சுவடுகள். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாக 2017இல் அறிவிக்கப்பட்டவையும் மொராக்கோவில் கிடைத்தவையே. அவற்றின் அகவை ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். இவையனைத்தும் ஆப்பிரிக்க மண்ணில் கிடைத்தவை. இவற்றுள் ஒன்றேனும் மேற்கண்ட இயல்களில் பேசப்படுவது அரிது.

மொரீசியசின் அடியில் பழங்கண்டத் துண்டு இருப்பதாக 2013இல் வெளிவந்த ஆய்வினைக் குமரிக்கண்டத்திற்குச் சான்றாக்குவோர் உளர். இந்தியாவும் மடகாசுகரும் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இருகால் நடையினர் தோன்றி ஒரு கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அத்திரம்பாக்கத்தைக் காட்டுவோரும் உளர். அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் நிறுவினர், பெருமைக்குரிய முடிவே. ஆயினும் அங்கு மாந்த எலும்பு கிடைக்கவில்லை. அக்காலத்தில் நம் இனமே தோன்றவில்லை எனின், அக்கோடரிகளைச் செய்தோரைத் தமிழர் என்பது எங்ஙனம்?

பாவாணர் வலியுறுத்திய கொள்கையை ஐயுறுதல் தமிழ்ப்பகை எனச் சிலர் சினக்கின்றனர். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல்கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மாந்தர் அங்குத்தான் முதலில் தோன்றினர் என்று அது சொல்லவில்லை. நூல் சொல்லாததை நூலின்மேல் ஏற்றுவது எவ்வகைத் தமிழ்ப்பற்று?

தமிழகத்திற்கு வெளியே பணியாற்றும் நமக்கு இது வெறும் வாதமன்று. கீழடியின் காலக்கணிப்பையும் குமரிக்கண்டத்தையும் ஒரே வாயால் உரைப்போமாயின், மானிடவியல் துறையினர் இரண்டையும் ஒருங்கே தள்ளுவர். மாணவர்மேல் குற்றமில்லை, நெறியாளர் ஒப்பமிட்டதையே அவர்கள் எழுதுகின்றனர். இனிவரும் வாய்மொழித் தேர்வுகளில் புறத்தேர்வாளர் ஒருவரேனும், எக்கேலின் நூலை நேரில் கண்டதுண்டா என நெறியாளரை நோக்கி வினவுதல் வேண்டும்.