சோதனை ஓட்டமும் சோதிடமும்

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகுந்தால் வல்வில் ஓரியில்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரபு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பு துளைத்த செய்தியைப் புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் சொல்கிறார். அப்பாடலில் என்னைக் கவர்வது அம்பைவிடப் புலவரின் துணிவே. எதிரில் நிற்கும் வேட்டுவன் யாரென்று அவருக்குத் தெரியாது. ஓரியோ, அல்லனோ என்று ஐயுறுகிறார். ஆயினும் எய்த ஒரே அம்பைக் கண்டு, இவன் சாதாரண வேடன் அல்லன் என்று கணித்துப் பாடிவிடுகிறார். கணிப்பும் பலித்துவிட்டது.

ஓர் எய்தலைக் கண்டு ஆளை அளக்கும் இக்கலை இப்போது எங்கள் விடுதியிலும் பெருகிவிட்டது. ஆண்டுதோறும் தையும் மாசியும் வந்தால் போதும். பார்முலா ஒன் கார்ப் பந்தய அணிகள், பருவத்தின் முதல் பந்தயத்துக்கு முன்பு தம் புதிய கார்களை ஒரே களத்தில் ஓட்டிப் பார்க்கின்றன. இதுவே சோதனை ஓட்டம். அன்றன்று மாலை, எந்தக் கார் ஒரு சுற்றை எத்தனை வினாடியில் முடித்தது என்ற பட்டியல் வெளியாகும். கைப்பேசியில் அப்பட்டியலைக் கண்ட மறுகணமே எங்கள் அறைகளில் சோதிடம் தொடங்கிவிடும். இந்த ஆண்டு பட்டம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு என்று தாள் ஒட்டிக் கட்டம் போட்டு, தேநீர் பந்தயம் கட்டுகின்றனர். நானும் இரண்டு ஆண்டுகள் கட்டித் தோற்றவன்தான். தோற்றவனுக்கும் கருத்துண்டு அல்லவா!

அந்தக் கால அட்டவணையை நம்பிக் கணிப்பது வீண் என்பதே என் கருத்து. இதை எனக்குக் கற்பித்தது ஐரோப்பியப் பந்தயக்களம் எதுவும் அன்று. காரவள்ளித் தேநீர்க் கடை.

காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைப் பலரும் அறிவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, இத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று கடையில் மார்தட்டுவர். (பேருந்தும் பள்ளிப் பிள்ளைகளும் வரும் சாலையில் இது தேவையா என்பது வேறொரு கட்டுரைக்குரியது.) ஒருநாள் சோளக்காட்டிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த வேன் ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய நேரத்தைக் கேட்டு நான் வாய் பிளந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே சிரிக்கிறீங்க?" என்றேன்.

"காலி வண்டியில ஏறுன நேரத்துக்கு இவ்வளவு ஆச்சரியமா தம்பி? பாரத்தோட எறங்குன நேரத்தச் சொல்லச் சொல்லு. பிரேக்கு காயாம எறங்குனியான்னும் கேளு" என்றார்.

பந்தயக் காரின் விஷயமும் இம்மியும் வேறில்லை. பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்பும் வழக்கம் 2010 முதல் இல்லை. முழுப் பந்தயத்துக்கும் வேண்டியதைத் தொடக்கத்திலேயே சுமந்துகொண்டு கிளம்ப வேண்டும். 2019-ஆம் ஆண்டு விதிப்படி பந்தயத்துக்கு 110 கிலோ வரை எரிபொருள் அனுமதிக்கப்பட்டது. பத்துக் கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி தாமதம் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொதுக் கணக்கு. அப்படியானால் நூறு கிலோவுக்கு மூன்று வினாடி! சோதனை ஓட்டத்தில் எந்த அணி எத்தனை கிலோ ஊற்றியது என்பதை எவரும் வெளியே சொல்வதில்லை. டயரின் ரப்பர் மென்மையானதா கடினமானதா என்பதில் ஒரு படி மாறினாலே அரை வினாடி அளவுக்கு வேறுபாடு வரும். எஞ்சினின் முழு வலுவையும் திறந்தார்களா, காலையில் ஓடினார்களா, களம் குளிர்ந்த மாலையில் ஓடினார்களா என்பனவும் உண்டு. இத்தனையையும் மறைத்துவிட்டு வினாடியை மட்டும் அச்சிட்டுத் தருவதே அந்த அட்டவணை.

2019-ஆம் ஆண்டைப் பாருங்கள். பார்சிலோனாவில் எட்டு நாள் சோதனை நடந்தது. கடைசி நாளில் பெராரி அணியின் செபாஸ்டியன் வெட்டல் 1 நிமிடம் 16.221 வினாடியில் முதலிடம் பெற்றார். மெர்சிடிஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டன் 16.224. இடைவெளி 0.003 வினாடி. மேற்சொன்ன கணக்குப்படி இது நூறு கிராம் பெட்ரோலின் எடைக்குச் சமம். நம் விடுதித் தேநீர்க் குவளையில் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு பெராரிக்கே என்று உலகெங்கும் பேசினர். மெர்சிடிஸ் முதல் வாரத்தில் ஓட்டிய காரின் உடலமைப்பை இரண்டாம் வாரத்தில் பெரிதும் மாற்றிக் கொண்டு வந்ததைப் பலர் பொருட்படுத்தவில்லை. மார்ச்சில் மெல்போர்னில் முதல் பந்தயம். மெர்சிடிஸின் வால்ட்டேரி போட்டாஸ் வென்றார், ஹாமில்டன் இரண்டாவது. வெட்டல் 57 வினாடி பின்தங்கி நான்காவதாக வந்தார். முதல் ஐந்து பந்தயங்களிலும் முதலிரண்டு இடங்களை மெர்சிடிஸே அள்ளிக்கொண்டது. பெராரியின் முதல் வெற்றிக்குச் செப்டம்பர் வரை, பதின்மூன்றாம் பந்தயம் வரை காத்திருக்க நேர்ந்தது.

அப்படியானால் சோதனையில் வேகமாக ஓடுபவரை எப்போதும் ஐயுற வேண்டியதுதானே என்று என் அறை நண்பன் மடக்கினான். அதுவும் சரியன்று. இரண்டு அணிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

பிரெஞ்சு வீரர் அலேன் பிராஸ்ட் நடத்திய அணி, 2001-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சோதனை ஓட்டங்களில் எல்லோரும் வியக்கும் நேரங்களைப் பதித்தது. விளம்பரதாரர்களைத் தேடி அலைந்த அணி அது. பருவம் முடிந்தபோது கிடைத்தவை மொத்தம் 4 புள்ளிகள். 2002 ஜனவரியில் அணியே மூடப்பட்டது. இனி 2009. ஹோண்டா நிறுவனம் 2008 டிசம்பரில் பந்தயத்தை விட்டு விலக, ராஸ் பிரான் என்பவர் அவ்வணியை வாங்கித் தம் பெயரிலேயே நடத்தினார். விளம்பரம் ஏதுமின்றி வெறும் வெள்ளையாக ஒரு கார் மார்ச் மாதம் பார்சிலோனாவில் இறங்கி எல்லோரையும் முந்தியது. பிராஸ்ட் கதையை நினைவில் வைத்திருந்தவர்கள், இதுவும் பணம் தேடும் வேடிக்கை என்று புன்னகைத்தனர். அந்தக் கார் முதல் பந்தயத்திலேயே முதலிரண்டு இடங்களையும் பிடித்தது. ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார். ஆண்டு முடிவில் இரு பட்டங்களும் அவர்களுக்கே.

இரண்டும் பணமில்லா அணிகள், இரண்டும் அட்டவணையின் மேல்வரிசை. ஒன்று பொய், மற்றொன்று மெய். அட்டவணையை மட்டும் பார்ப்பவன் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவான்?

நான் பார்ப்பது நீண்ட ஓட்டத்தை. பதினைந்து, இருபது சுற்றுகள் நிற்காமல் ஓடும்போது ஒவ்வொரு சுற்றின் நேரமும் எப்படி நகர்கிறது? டயர் தேயத் தேய நேரம் மெல்லச் சரிகிறதா, திடீரென்று விழுகிறதா? வேன்காரர் சொன்ன 'பாரத்தோட எறங்குன நேரம்' இதுதான். 2025-ஆம் ஆண்டு பஹ்ரைன் சோதனையில் அட்டவணையின் தலையில் இருந்தவர் வில்லியம்ஸ் அணியின் கார்லோஸ் சைன்ஸ். ஆனால் இரண்டாம் நாள் மெக்லாரன் அணியின் லாண்டோ நோரிஸ் ஓடிய நீண்ட ஓட்டத்தைக் கவனித்தவர்கள் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டனர். அந்த ஆண்டின் முதல் பந்தயமும் ஓட்டுநர் பட்டமும் நோரிஸுக்கு. அணிப் பட்டம் மெக்லாரனுக்கு. வில்லியம்ஸ் ஐந்தாம் இடம். அவர்கள் அளவில் அதுவும் நல்ல ஆண்டே. சைன்ஸின் நேரம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது, ஓடிய சுற்றுகளின் எண்ணிக்கை. புதிய எஞ்சின் விதிகள் வந்த 2014-இல், ஸ்பெயினின் ஹெரெஸ் களத்தில் நான்கு நாட்களில் மெர்சிடிஸ் 309 சுற்றுகள் ஓடியது. அதற்கு முன் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் வென்ற ரெட் புல் ஓடியவை 21 மட்டும். அவ்வாண்டின் 19 பந்தயங்களில் 16-ஐ மெர்சிடிஸ் வென்றது. ஆயின் அந்த 21-ஐப் பார்த்து ரெட் புல்லைக் கடைசி வரிசைக்குத் தள்ளியவர்களும் ஏமாந்தனர். எஞ்சிய மூன்று பந்தயங்களை வென்று இரண்டாம் இடம் பெற்றது அது. ஆகவே என் அளவுகோலிலும் ஓட்டை உண்டு. (மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பல்கலைக்கழகத் தேர்வின் முடிவைக் கூறிவிடும் பேராசிரியப் பெருமக்கள் இவ்விடத்தைக் கோபமின்றிப் படிப்பார்களாக.)

இதுவரை சொன்னது சோதனை ஓடியவர்களைப் பற்றி. ஓடவே வாய்ப்பில்லாதவர்களை விடுதிக் கட்டத்தில் எவரும் எழுதுவதில்லை. அவர்களில் நம் ஊர்க்காரர் இருவர் உண்டு.

சோழவரத்து விமானத்தளத்தில் கார்ப் பந்தயம் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள், பிறகு இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் பழகி மேலே சென்றனர். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, பார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் அவருக்கு நான்காம் இடம் கிடைத்தது. டயர் பழுதால் 14 கார்கள் விலகிவிட, ஓடியவை ஆறே கார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்தச் சோதனை ஓட்டமும் முன்கூட்டிச் சொல்லியிராத நான்காம் இடம் அது! பின்னர் 2011, 2012 ஆண்டுகளில் அவர் எச்.ஆர்.டி. என்ற ஏழை அணியில் ஓட்டினார். அவ்விரு ஆண்டும் புதிய கார் சோதனைக் களத்துக்கு வந்து ஓடவில்லை. நேரே மெல்போர்னுக்குப் போயிற்று. இரு ஆண்டும் அங்கே அதன் இரு கார்களும் தகுதி நேரத்தை எட்டாமல், பந்தயத்தில் நிற்கவே இடமின்றித் திரும்பின.

சென்னையின் கருண் சந்தோக் கதை இன்னும் கடினமானது. 2010-இல் அதே அணி, அதன் முதல் ஆண்டு. பஹ்ரைனில் வெள்ளியன்று பிறர் பயிற்சி ஓடியபோது அவருடைய கார் இன்னும் பூட்டி முடியவில்லை. சனியன்று தகுதிச் சுற்றில்தான் அந்தக் கார் முதன்முதலாக ஓடியது. மற்றவர்கள் சோதனைக் களத்தில் பல நூறு சுற்றுகள் ஓடிவிட்டு வந்தவர்கள். இவர் கொட்டாரத்தை விட்டு வெளியே வந்ததே அப்போதுதான். கடைசி இடம் என்று ஏளனம் செய்தவர்கள் இதைக் கணக்கில் கொண்டார்களா?

செலவைக் குறைக்க வேண்டும் என்று 2009 முதல் பருவத்தின் நடுவே சோதனை ஓடுவது தடை செய்யப்பட்டது. தொடக்கச் சோதனையும் சுருங்கி 2021-இல் மூன்றே நாட்கள் ஆயிற்று. அதுவும் அணிக்கு ஒரு கார். சொந்தக் களம் வைத்துக்கொண்டு ஆண்டெல்லாம் ஓடிய செல்வந்த அணிகளைக் கட்டுப்படுத்தியது நல்லதே. ஆனால் கடன் வாங்கிக் காரைக் கட்டி முடிக்கத் தாமதமான அணிக்கு, அந்தச் சில நாள் போனால் வேறு நாளே இல்லை. இத்தகைய அணிகளுக்குக் கூடுதல் நாள் தர வேண்டும் என்பது என் வாதம். பந்தயம் என்ன அன்னதானமா என்று நண்பன் கேட்டான். 2022 முதல் உள்ள விதியை அவனுக்குக் காட்டினேன். காரின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய, முதலிடம் பெற்ற அணிக்கு 70 விழுக்காட்டு நேரமும், பத்தாம் இடம் பெற்ற அணிக்கு 115 விழுக்காடும் தரப்படுகின்றன. சுரங்கத்தில் ஒப்புக்கொண்ட நியாயத்தைச் சாலைக்கும் நீட்டினால் என்ன குறைந்துவிடும்? நண்பன் இன்னும் பதில் சொல்லவில்லை.

சந்தோக் பஹ்ரைன் பந்தயத்தில் இரண்டாம் சுற்றிலேயே காரை இழந்தார். இரண்டு வாரம் கழித்து மெல்போர்ன். அங்கே வென்றவரைவிட ஐந்து சுற்றுகள் பின்தங்கி, பதினான்காவதாக, பந்தயத்தை முடித்தார். எங்கள் விடுதிச் சுவரில் ஒட்டும் தாளில் பதினான்காம் இடத்துக்குக் கட்டமே போடுவதில்லை.